தானே நீர் பருகும் தொட்டி
அடுக்குமாடி வீட்டிலும் காய்கறி வளர்க்கும் முறை

தோட்டப்புற லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் மக்களுக்குக் காய்கறி வளர்ப்பு புதியதோர் கலையன்று. பால்வெட்டு முடிந்து திரும்பியபின் மாலை வேளையில் வீட்டின் முன்னும் பின்னும் இருந்த சிறு நிலத்தைக் கொத்தி, மிளகாய், கத்தரி, வெண்டை, பயற்றங்காய், கீரை ஆகியவற்றைப் பயிரிட்டுக் குடும்பத்தின் கறிச் செலவைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1974-ஆம் ஆண்டு இறுதியில், அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, கிடைக்கும் நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் செய்யுமாறு நாட்டு மக்களை அழைத்தபோது, தோட்டப்புறத்தார் பலருக்கு அது முன்பே கைவந்த பழக்கமாக இருந்தது.

ஆயினும் காலம் மாறிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தோட்டங்கள் நகரங்களாயின. 1990-களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது, பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. ஸ்ரீ கெம்பாங்கான், பூச்சோங், காஜாங் வட்டாரங்களிலும் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல அடுக்குமாடிகளில் குடியேறின. அங்கே கொத்துவதற்கு மண் இல்லை. இருப்பது நான்கடி அகல மாடமும் துணி உலர்த்தும் இடமுமே. விதையைப் பற்றிய அறிவு இருந்தும் நிலம் இல்லாமையால் அவ்வறிவு பயனற்றுப் போகலாமா?

போகவேண்டியதில்லை. வீட்டில் எறியப்படும் வாளியையும் போத்தலையும் கொண்டே, செடி தனக்கு வேண்டிய நீரைத் தானே எடுத்துக்கொள்ளும் தொட்டி ஒன்றை எவரும் செய்துகொள்ளலாம். ஆனால், நீரைத் தேக்கிவைக்கும் எந்தப் பொருளும் கொசுவுக்குத் தொட்டிலாகவும் ஆகக்கூடும். ஆகவே தொட்டியைச் செய்வது பாதி வேலை. அதன் நீர்க்கலத்தைக் கொசு புகாதவாறு மூடுவதே மீதிப் பாதி. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சாதாரணப் பூச்சட்டியின் குறை என்ன?

நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கூரையின் கீழுள்ள மாடத்தில் மழை விழுவதில்லை. சாதாரணப் பூச்சட்டியில் உள்ள சிறிதளவு மண்ணோ நண்பகல் வெயிலில் விரைவில் உலர்ந்துவிடுகிறது. வேலைக்குச் செல்வோர் ஒருநாள் நீரூற்ற மறந்தால் செடி வாடுகிறது. மறுநாள் ஈடுசெய்ய எண்ணி மிகுதியாக ஊற்றினால், நீர் அடித்துளை வழியே வழிந்து கீழ்வீட்டார் உலர்த்திய துணியின்மீது விழுகிறது. நீரும் வீண், உரமும் வீண், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலும் மிச்சம்.

குழாய் நீரையும் எந்நாளும் நம்பியிருக்க இயலாது. 1998-ஆம் ஆண்டின் வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 2014-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அணைகளின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, சிலாங்கூரின் பல பகுதிகளில் இரண்டு நாள் நீர் உண்டு, இரண்டு நாள் இல்லை என்னும் முறை பின்பற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், ஆற்றில் கலந்த கழிவினால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டுப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. அத்தகைய நாட்களில் குடிக்கவும் குளிக்கவும் சேமித்த நீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. முன்னதாகவே தன் வயிற்றில் ஒரு வார நீரை வைத்திருக்கும் தொட்டியோ அந்நாட்களையும் கடந்து செடியைக் காக்கும்.

நீர் மேலேறுவது எவ்வாறு?

அகல்விளக்கின் அடியில் எண்ணெய் இருக்கிறது. சுடரோ திரியின் நுனியில் எரிகிறது. எண்ணெய் எவரும் ஏற்றாமலே மேலே செல்கிறது. திரியின் இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய வழிகள் எண்ணெயைப் பற்றி இழுப்பதே இதற்குக் காரணம். இதனை நுண்புழை ஏற்றம் என அறிவியலார் கூறுவர். வழி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்திற்குத் திரவம் ஏறும்.

மண்ணிலும் இதுவே நிகழ்கிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளே அங்குத் திரியாகின்றன. வேர் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உலர்ந்த மண் கீழிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. வெயில் மிகுந்த நாளில் மிகுதியாகவும், மப்பான நாளில் குறைவாகவும் நீர் ஏறும்.

இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஃபான் ஷெங்சி என்னும் சீனர் எழுதிய வேளாண் நூலில், நீர் நிறைந்த மண்பானையை நிலத்தில் புதைத்து அதனைச் சுற்றிக் கொடிப்பயிர் நடும் முறை கூறப்பட்டுள்ளது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரை அடையும். தமிழகத்தின் வறண்ட பகுதிகளிலும் தென்னங்கன்றுக்கு அருகே பானை புதைத்து நீர் காட்டும் வழக்கம் உண்டு. நாம் செய்யப்போகும் தொட்டியில் பானையின் இடத்தை வாளி பெறுகிறது.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண் முழுவதும் நீரில் மூழ்கிக் கிடந்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். எனவே நீர்மட்டத்திற்கும் மண்ணின் அடிப்பாகத்திற்கும் இடையே சிறிது காற்றுவெளி இருத்தல் வேண்டும். திரியாகப் பயன்படும் ஒரு பகுதி மட்டுமே நீரைத் தொட வேண்டும்.

மண் கலவை

வெளியில் தோண்டியெடுத்த களிமண்ணை அப்படியே இட்டால், அது நீரை ஏற்றினும் காற்றுக்கு இடங்கொடாமல் இறுகிவிடும். மணலை மட்டும் இட்டால் நீர் போதிய உயரத்திற்கு ஏறாது. தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, எரித்த நெல் உமி ஒரு பங்கு எனக் கலந்தால், நீரை ஏற்றவும் காற்றைக் காக்கவும் வல்ல இலேசான கலவை கிடைக்கும். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும்; ஆதலால் அதனை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இருமுறை அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

முதற் பயிற்சி: போத்தல் தொட்டி

பெரிய தொட்டியைச் செய்வதற்குமுன் சிறியதொன்றைச் செய்து பார்ப்பது நலம். பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோர் துணையுடன் இதனைச் செய்யலாம்.

1. ஒன்றரை லிட்டர் நீர்ப் போத்தலை நடுவில் குறுக்காக வெட்டுக.

2. மூடியின் நடுவே துளையிட்டு, ஒரு சாண் நீளத் துணித்திரியை நுழைக்க. திரியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கட்டும்.

3. மேற்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ்ப்பாதியின் வாயில் இறுகப் பொருத்துக. மூடி அடிப்பாகத்தினுள் தொங்கும்.

4. உள்ளிருக்கும் திரியை நேராக நிறுத்திச் சுற்றிலும் ஈரமாக்கிய கலவையை நிரப்புக.

5. கீழ்ப்பாதியில் மூடிக்குச் சற்றுக் கீழ்வரை நீர் ஊற்றி, பொருத்திய இடத்தை ஒட்டுநாடாவால் சுற்றி மூடுக. ஒளி பட்டால் நீரில் பாசி வளரும். ஆகவே கீழ்ப்பாதியைக் கருந்தாளால் மறைத்துவிடுக.

இதில் முளைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை ஆகியன நன்கு வளரும். வாரம் ஒருமுறை ஒட்டுநாடாவை நீக்கி, பழைய நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றுக.

திரிக்கு எத்துணி நல்லது என ஐயுறுவோர் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். துணிக்கீற்றை முதலில் நனைத்துப் பிழிந்து, ஒரு நுனியை நீர்க்கோப்பையிலும் மறு நுனியைத் தாழ்வாக வைத்த காலிக் கோப்பையிலும் இடுக. ஒருமணி நேரத்தில் காலிக் கோப்பையில் நீர் சேர்ந்தால் அத்துணி தகுதியானது. பருத்தி நன்றாக நீர் ஏற்றும். ஆனால் சில மாதங்களில் மக்கிவிடும். நீரை ஏற்றும் செயற்கை இழைத்துணி கிடைத்தால் அது நெடுநாள் உழைக்கும்.

இரட்டை வாளித் தொட்டி

மிளகாய், கத்தரி, வெண்டை போன்ற காய்ச்செடிகளுக்குப் பெரிய தொட்டி வேண்டும். உணவகங்களிலும் ரொட்டிக் கடைகளிலும் சாஸ், எண்ணெய் முதலியன வந்த 20 லிட்டர் வாளிகள் கேட்டால் கிடைக்கும். ஒரே அளவுள்ள இரண்டு வாளிகளும் ஒரு மூடியும் போதும்.

இங்கே கடுமையான எச்சரிக்கை ஒன்று. தோட்டங்களில் களைக்கொல்லி, பூச்சிமருந்து, அமிலம் ஆகியவை வந்த கலங்களை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய கலங்கள் எங்கேனும் ஒரு மூலையில் கிடக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுப் பயிருக்கு உகந்தவை அல்ல. சாயம் வந்த வாளியையும் தவிர்ப்பதே நன்று.

செய்முறை வருமாறு:

1. உள்வாளியின் அடியில், நடுவே 7 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு துளையும், ஓரத்தில் நீர் ஊற்றும் குழாய்க்கு ஒரு துளையும், காற்றுக்காகச் சிறு துளைகள் பத்தும் இடுக.

2. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் கோப்பையின் பக்கங்களில் சிறு துளைகள் பல இட்டு, அதன் விளிம்பு தாங்குமாறு நடுத்துளையில் தொங்கவிடுக. இதுவே திரியின் வேலையைச் செய்யும்.

3. வெளிவாளியின் பக்கத்தில், அடியிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு துளை இடுக. மிகுதியான நீர் இதன் வழியே வெளியேறும். இத்துளை இல்லாவிடின் மண் மூழ்கிச் செடி அழியும்.

4. பிளாஸ்டிக் குழாயில் 10 சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் மூன்றை வெட்டி வெளிவாளியினுள் நிறுத்தி, அவற்றின்மேல் உள்வாளியை அமர்த்துக. நீர் 8 சென்டிமீட்டர் நிற்கும். மேலே 2 சென்டிமீட்டர் காற்றுவெளி அமையும்.

5. இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் அரை மீட்டர் நீளமும் உள்ள குழாயின் ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, அம்முனை வெளிவாளியின் அடியைத் தொடுமாறு செருகுக. சாய்வாக வெட்டுவதால் முனை அடைபடாது.

6. கோப்பையினுள் ஈரக் கலவையை அழுத்தி நிரப்புக. வாளியினுள் அழுத்தாமல் நிரப்புக. கோப்பையில் இடைவெளி விழுந்தால் நீர் ஏறுவது தடைப்படும்.

7. நாற்றை நட்டு, முதன்முறை மட்டும் மேலிருந்து நீர் ஊற்றி மண் முழுவதையும் நனைக்க. பின்னர்க் குழாய் வழியே, பக்கத்துளையில் நீர் தலைகாட்டும்வரை ஊற்றுக.

8. வாளி மூடியின் நடுவே செடிக்கும், ஓரத்தில் குழாய்க்கும் துளையிட்டு, ஒரு பக்கம் வெட்டி மண்ணின்மேல் மூடிவிடுக. மண் உலர்வது குறையும்.

இவ்வமைப்பில் ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து லிட்டர் நீர் தங்கும். நன்கு வளர்ந்த மிளகாய்ச் செடி வெயில் நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பருகக்கூடும். எனவே ஒருமுறை நிரப்பினால் நான்கு நாளுக்குக் குறையாமல் வரும். செடி சிறிதாயிருக்கும்போது அதனினும் நீடிக்கும். எவ்வளவு நீர் மிச்சம் என அறிய, மெல்லிய மூங்கிற்குச்சியைக் குழாயினுள் விட்டு எடுத்துப் பார்த்தால் போதும்.

கொசுவுக்கு இடங்கொடாதீர்

டிங்கிக் காய்ச்சல் பரவும் மாநிலங்களுள் சிலாங்கூர் முன்னிற்பது நாம் அனைவரும் அறிந்ததே. அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கிய தெளிந்த நீரையே நாடுகிறது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலத்தின் சுவரில் முட்டையிடுகிறது. முட்டை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். முட்டை கொசுவாவதற்கு நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களே போதும்.

நம் தொட்டியில் இருப்பதும் அத்தகைய தெளிந்த நீரே. அதிலும் ஒரு வாரத்திற்கு மேல் அசையாமல் நிற்கும் நீர். மூடாது விட்டால், செடி வளர்க்கப்போய் வீட்டில் நோயை வளர்த்தவர் ஆவோம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடம் தருவது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

கொசு புகக்கூடிய வாயில்கள் இத்தொட்டியில் மூன்றே. அவற்றை அடைத்துவிட்டால் அச்சமில்லை.

முதலாவது, நீர் ஊற்றும் குழாயின் வாய். இதற்குப் பொருந்தும் மூடியை இடுக. கிடைக்காவிடின் கொசுவலைத் துணியை இருமடிப்பாக வைத்துக் கட்டுக.

இரண்டாவது, பக்கத்துளை. இதன் வெளிப்புறத்தில் இருமடிப்புக் கொசுவலையை வைத்துச் சுற்றிலும் ஒட்டுக. நீர் வெளியேறும், கொசு உட்புகாது.

மூன்றாவது, பலரும் மறந்துவிடும் இடம்: இரு வாளிகளுக்கும் இடையேயுள்ள வளைய இடுக்கு. உள்வாளியைத் தூக்கி நிறுத்தியிருப்பதால் இங்கே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். அகன்ற ஒட்டுநாடாவைச் சுற்றிலும் ஒட்டி இதனை முற்றாக மூட வேண்டும். வெயிலில் ஒட்டுநாடா தளரும். ஆதலால் வாரந்தோறும் தடவிப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருநாள் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிக் கொசுப்புழுவைத் தேடி அழியுங்கள் எனச் சுகாதார அமைச்சு வலியுறுத்தி வருகிறது. அப்பத்து நிமிடத்தில் தொட்டியையும் சேர்த்துக்கொள்க. புழு காணப்பட்டால் நீரை முழுதும் வடித்து, வெளிவாளியின் உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் பயன்படுத்துக. நெடுநாள் வெளியூர் செல்வோர் தொட்டியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்க. பயிர் முடிந்த தொட்டியைக் காயவைத்துக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

பயிரும் உரமும்

நீரை விரும்பும் பயிர்கள் இத்தொட்டிக்கு ஏற்றவை. கங்கோங், முளைக்கீரை, சாவி ஆகியன ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். புதியவர்கள் இவற்றோடு தொடங்குவது நலம். மிளகாயும் கத்தரியும் ஒரு வாளிக்கு ஒரு செடி வீதமே நடப்பட வேண்டும். ஈரம் மிகுந்தால் அழுகும் கற்றாழை போன்றவற்றுக்கு இது பொருந்தாது. காய்ச்செடிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். வெயில் குறைந்த மாடத்தில் கீரையோடு நிறைவு கொள்க.

உரத்தை நீர்க்கலத்தினுள் இடலாகாது. நீர் கெட்டு நாற்றமெடுக்கும். 15:15:15 கலப்புரத்தில் ஒரு தேக்கரண்டி அளவை இருவாரத்திற்கு ஒருமுறை, தண்டைத் தொடாமல் மேல்மண்ணில் ஓரமாக இட்டால் போதும். கீழிருந்து ஏறும் நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை விட்டுச் செல்கிறது. மண்ணின்மேல் வெண்பொடி படர்ந்தால் அதுவே அறிகுறி. அப்போது மேல்மண்ணைச் சிறிது நீக்கிவிட்டு, தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, மேலிருந்து நல்ல நீரை ஊற்றிக் கழுவி, கீழ்த்தேங்கிய உப்புநீரைக் கொட்டிவிடுக. இரு மாதத்திற்கு ஒருமுறை இவ்வாறு செய்வது நன்று.

குறையும் காரணமும்

நீர் இருந்தும் செடி வாடினால், கோப்பைக் கலவைக்கும் மேற்கலவைக்கும் தொடர்பு அறுந்திருக்கலாம். மேலிருந்து ஒருமுறை நன்றாக நனைத்தால் மீண்டும் தொடங்கும். இலை மஞ்சளாகி மண்ணில் துர்நாற்றம் வீசினால், பக்கத்துளை அடைபட்டு வேர் மூழ்கியுள்ளது என அறிக. நீர் குறையாமலே நின்றால், செடி இளையது அல்லது வெயில் போதவில்லை என்பது பொருள்.

அண்டை வீட்டார் நலன்

நீர் நிறைந்த தொட்டி ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ எடையுள்ளது. அதனை மாடத்தின் கைப்பிடிச் சுவர்மேல் வைப்பதும் வெளியே தொங்கவிடுவதும் பெருந்தவறு. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில், கோலாலம்பூர் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து விழுந்த நாற்காலி ஒன்று பள்ளி மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்த துயரம் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. தொட்டி எப்போதும் தரையிலேயே, சுவரின் உட்புறமாகவே இருக்கட்டும். பொதுநடையிலும் படிக்கட்டிலும் வைத்தல் ஆகாது. தீ விபத்து நேரும்போது அவையே உயிர் காக்கும் வழிகள்.

மேலும் கற்க விரும்புவோருக்கு ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரம் வாய்ப்பான இடமாகும். அதனை அடுத்த செர்டாங்கில் 1931-ஆம் ஆண்டு தொடங்கிய விவசாயப் பள்ளியே வளர்ந்து 1971-இல் பல்கலைக்கழகமாகி, இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ளது. மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தின் தலைமையகமும் அங்கேயே உள்ளது. நகர வேளாண்மை பற்றிய ஐயங்களுக்கு விவசாய இலாகாவையும் நாடலாம்.

பெற்றோரிடம் எஞ்சியுள்ள தோட்டப்புற அறிவைப் பிள்ளைகள் கண்ணால் காண்பதற்கு இன்று நிலம் இல்லை. ஒரு வாளியேனும் இருக்கட்டும். எந்தப் பிஞ்சை விடுவது, எந்த இலையைக் கிள்ளுவது எனப் பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை வாரந்தோறும் ஒட்டுநாடாவைத் தடவிப் பார்த்து மூடியைச் சரிசெய்யட்டும். இவ்வாரம் ஒரு போத்தலில் கீரை விதைத்துத் தொடங்குக. அடுத்த மாதம் அக்கீரை உங்கள் வீட்டுச் சட்டியில் வேகும்.